போலீஸ் பிடித்துச் சென்ற முதல் 24 மணி நேரம்: குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

கோலாலம்பூர் - 2009ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி இரவு. பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலைய வாசல். இரண்டு நாள்களுக்கு முன் கைதாகியிருந்த கல்வியாளர் வோங் சின் ஹுவாட்டுக்கு ஆதரவாக மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்களில் 14 பேரைப் போலீசார் பிடித்து உள்ளே கொண்டு சென்றிருந்தனர். அவர்களைப் பார்க்க, கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தைச் சேர்ந்த ஐந்து வழக்கறிஞர்கள் வந்தனர். அவர்களை உள்ளே விடவில்லை. கைதானவர்களைச் சந்திக்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்று வாசலில் நின்று கேட்ட அந்த ஐவரும் கைது செய்யப்பட்டனர். அன்றிரவை லாக்கப்பில் கழித்து, மறுநாள்தான் வெளியே வந்தனர்.

வழக்கறிஞர் மன்றம் கொதித்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. வழக்கறிஞர்களைக் கைது செய்ததும், உள்ளே இருந்தவர்களுக்கு வழக்கறிஞரைப் பார்க்கும் வாய்ப்பை மறுத்ததும் மனித உரிமை மீறல் என்று அந்த விசாரணை முடிவு செய்தது.

சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், கிள்ளானில் ஒரு தாமான் வீட்டிலோ கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்திலோ இரவு 11 மணிக்கு "உன் மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்ற செய்தி கேட்கும் தாயின் நிலை என்ன? எந்த பாலாய் என்று தெரியாது. என்ன வழக்கு என்று தெரியாது. யாரை அழைப்பது என்றும் தெரியாது.

நம்மில் பலர் அந்த நேரத்தில் முதலில் தேடுவது தெரிந்த ஒரு பிரமுகரை. கட்சிக் கிளைத் தலைவர், கோயில் தலைவர், போலீசில் வேலை செய்யும் தூரத்துச் சொந்தம். சிலர் விஷயம் வெளியே தெரிந்தால் அவமானம் என்று விடியும்வரை வாய் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரவில்தான் சட்டம் ஒரு குடும்பத்துக்கு அதிக இடம் கொடுக்கிறது. அந்த இடம் எவ்வளவு, அது எப்படி வந்தது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

அரசியலமைப்பு சொல்வது

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி தனிமனித சுதந்திரத்தைப் பற்றியது. கைது செய்யப்படுபவருக்கு அதில் மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று, எதற்காகக் கைது என்பதைக் கூடிய விரைவில் அவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு, தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவர் மூலம் வாதாடவும் அனுமதிக்க வேண்டும். மூன்று, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

சுதந்திரம் அடைந்த நாளிலிருந்தே இது ஏட்டில் இருக்கிறது. ஆனால் 'வழக்கறிஞரை எப்போது பார்க்கலாம்' என்பதில்தான் சிக்கல் வந்தது. 1975இல் ஊய் ஆ புவா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது. உரிமை கைதான நாளிலேயே தொடங்கிவிடுகிறது, ஆனால் அதை உடனே பயன்படுத்த முடியாது, போலீஸ் விசாரணைக்கு அது இடையூறாக இருக்கக் கூடாது என்பதே அந்த விளக்கம். நடைமுறையில் இதன் பொருள் என்ன? விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று போலீசார் சொன்னால், வழக்கறிஞர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

2007இல் வந்த மாற்றம்

2004இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் போலீஸ் படையை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 2005இல் அது 125 பரிந்துரைகளுடன் அறிக்கை கொடுத்தது. கைது, ரிமாண்ட், லாக்கப் மரணம் எல்லாம் அதில் பேசப்பட்டன. நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஒன்றும் குற்றவியல் சட்டங்களை ஆராய்ந்தது. இவற்றைத் தொடர்ந்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அப்போது சேர்க்கப்பட்டதுதான் 28ஏ பிரிவு. மகன் மகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய எண் இது.

28ஏ பிரிவின்படி, ஒருவரைக் கைது செய்தபின் கேள்வி கேட்கவோ வாக்குமூலம் பதிவு செய்யவோ தொடங்குவதற்கு முன்பே போலீஸ் அதிகாரி அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். தாம் எங்கே இருக்கிறார் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ அவர் தெரிவிக்கலாம் என்பது ஒன்று. வழக்கறிஞரைத் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம் என்பது மற்றொன்று. அவர் வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டால், நியாயமான நேரத்துக்குள் வழக்கறிஞர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். அதுவரை கேள்வி கேட்பதைத் தள்ளி வைக்க வேண்டும். போலீசார் பார்க்கும் தூரத்தில் நிற்கலாம். முடிந்தவரை பேச்சு அவர்கள் காதில் விழாத வகையில் சந்திப்பு நடக்க வேண்டும். தொலைபேசி போன்ற வசதிகளையும் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. உடனே விசாரிக்காவிட்டால் கூட்டாளி தப்பிவிடுவார், ஆதாரம் அழிக்கப்படும், அல்லது மற்றவர்களின் உயிருக்கு ஆபத்து என்று அதிகாரி நியாயமாக நம்பினால் இந்த உரிமைகளை அப்போதைக்கு மறுக்கலாம். ஆனால் அதற்கு டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டும். கவுண்டரில் இருக்கும் ஒருவர் "இப்போது முடியாது" என்று வாயால் சொல்வது இந்த விதிவிலக்கு ஆகாது. "அனுமதி கொடுத்த அதிகாரி யார், காரணம் பதிவாகியிருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்க வழக்கறிஞருக்கு இந்த வரிகள்தான் பிடிமானம்.

பிரிக்பீல்ட்ஸ் சம்பவம் நடந்தபோது 28ஏ அமலுக்கு வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டப் புத்தகத்தில் வந்த ஒரு பிரிவு பாலாய் கவுண்டர் வரை வந்து சேர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

'கூப்பிட்டார்களா, பிடித்தார்களா?'

வீட்டில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். சாட்சியாக வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்வது வேறு. அதற்கு 111ஆவது பிரிவின் கீழ் எழுத்து மூலமாக அழைக்கலாம். கைது என்பது வேறு. "நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?" என்று கேட்பது குற்றமில்லை. இல்லை என்றால் கிளம்பலாமா என்று கேட்கலாம். ஆம் என்றால் 28ஏ உரிமைகள் அந்த நிமிடமே தொடங்கிவிடுகின்றன.

வாக்குமூலம் கொடுப்பவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் தம்மையே குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். இதை 112ஆவது பிரிவே சொல்கிறது. எழுதப்பட்ட வாக்குமூலத்தை, அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் படித்துக் காட்ட வேண்டும். திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் சொன்னதை மலாயில் எழுதி, "சைன் பண்ணு" என்று நீட்டினால், "தமிழில் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது முரட்டுத்தனம் ஆகாது. சட்டம் கொடுத்த உரிமை அது. வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்திடக் கூடாது.

பிடிபட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீசார் உடனே தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையோ ஐ.சி. நகலையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ரிமாண்ட்: பேச வேண்டிய இடம்

24 மணி நேரத்தில் விசாரணை முடியாது என்று போலீசார் கருதினால், 117ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் கேட்பார்கள். இதுவும் 2007இல் மாறியது. முன்பு மொத்தம் 15 நாள் வரை கேட்க இடமிருந்தது. இப்போது குற்றத்தைப் பொறுத்து வரம்பு உண்டு. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். மரண தண்டனையோ 14 ஆண்டும் அதற்கு மேலும் சிறையோ உள்ள குற்றம் என்றால் முதல் முறை 7 நாள், இரண்டாம் முறை 7 நாள். உதாரணமாக, சாதாரணத் திருட்டுக்குரிய 379ஆவது பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. ஆகவே அந்த வழக்கில் ஒருவரை 7 நாளுக்கு மேல் ரிமாண்டில் வைக்க முடியாது.

4 நாள் என்பது உச்சவரம்பு. ஒரு நாள் போதும் என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் ஒரு நாள் மட்டுமே கொடுக்கலாம். ரிமாண்டே தேவையில்லை என்றால் விடுவிக்கலாம். விசாரணைக் குறிப்பேட்டின் நகலைப் போலீசார் அவரிடம் கொடுக்க வேண்டும். பிடிபட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ பேச அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

பிரச்சினை என்னவென்றால், அங்கே பேச யாரும் இல்லாததுதான். முதல் தடவை நீதிமன்றம் வரும் 20 வயது இளைஞன், தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, கைவிலங்கோடு நின்றுகொண்டு எதைப் பேசுவான்? "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறான். ஆனால் அவன் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. வேலை போய்விடும் என்பதைச் சொல்லலாம். பரீட்சை இருக்கிறது என்று சொல்லலாம். தினமும் மருந்து சாப்பிட வேண்டும், ஆஸ்துமா இருக்கிறது, அடித்தார்கள், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று எல்லாம் சொல்லலாம். மலாய் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இவற்றை எடுத்துச் சொல்வதற்கே வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஒரு வழக்கில் ரிமாண்ட் முடிந்ததும் விடுவித்து, வாசலிலேயே வேறு மாவட்டப் போலீசார் வேறு வழக்கில் பிடித்துச் சென்று மீண்டும் ரிமாண்ட் கேட்பது. 'சங்கிலி ரிமாண்ட்' என்று வழக்கறிஞர்கள் இதைச் சொல்கிறார்கள். சட்டத்தில் உள்ள 7 நாள், 14 நாள் வரம்பு இதனால் அர்த்தமிழந்துவிடுகிறது. பிள்ளை எந்தெந்தத் தேதியில் எந்த பாலாயில் இருந்தான் என்று குடும்பம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், மாஜிஸ்திரேட் முன்போ உயர்நீதிமன்றத்திலோ இதை எதிர்க்க வழக்கறிஞருக்கு அது பெரிய ஆயுதம்.

அந்த நாள்களில் என்ன நடக்கலாம்

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் போதும். ஏ. குகன், வயது 22. 2009 ஜனவரி 14ஆம் தேதி பிடிபட்டார். ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா, யுஎஸ்ஜே தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் அதை ஏற்கவில்லை. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, பலமான அடிகளால் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து மரணம் என்றது. 2013 ஜூனில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சத்து 1,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மறு ஆண்டு தொகையைக் குறைத்தது. ஆனால் பொறுப்பு யாருடையது என்ற முடிவை மாற்றவில்லை.

இரண்டாவது பரிசோதனையைக் கேட்ட அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது. காவலில் யாராவது இறந்தால் குடும்பம் நினைவில் வைக்க வேண்டியது இது. 334ஆவது பிரிவின்படி போலீஸ் காவலில் நேரும் மரணத்தை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். விசாரணை நடத்தப்பட வேண்டும். 2014 முதல் செஷன்ஸ் நீதிபதிகள் கொரோனராக இருந்து இந்த மரண விசாரணைகளை நடத்துகிறார்கள். குடும்பம் வழக்கறிஞரோடு அதில் கலந்துகொள்ளலாம். அடக்கமோ தகனமோ செய்வதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

இழப்பீடு கிடைத்தாலும் குற்றவியல் நீதி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2013 மே மாதம் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் இறந்த என். தர்மேந்திரன் விஷயத்தில், போலீசார் பலப்பிரயோகம் செய்ததாக அமலாக்க நிறுவன நேர்மை ஆணையம் (இஏஐசி) கண்டறிந்தது. ஆனால் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு போலீஸ்காரர்களும் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். மூடிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி கிடைப்பது அவ்வளவு கடினம். ஆகவேதான் நடந்த பிறகு நியாயம் தேடுவதைவிட, நடக்காமல் இருக்க முதல் நாளே ஒரு வழக்கறிஞர் உள்ளே போய்ப் பார்ப்பது முக்கியமாகிறது. வெளியாள் ஒருவர் பார்த்துவிட்டுப் போன கைதியின் உடம்பில் மறுநாள் ஒரு காயம் இருந்தால், அது எப்போது வந்தது என்ற கேள்வி எழும்.

காசில்லாதவருக்கு வழக்கறிஞர்

"லோயருக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட தேசிய சட்ட உதவி அறவாரியம் (ஒய்பிஜிகே) 2012 ஏப்ரல் முதல் குற்றவியல் வழக்குகளில் மலேசியக் குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞரை அனுப்பி வருகிறது. அரசு பணம் தருகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் மூலம் வழக்கறிஞர்கள் வருகிறார்கள். கைது, ரிமாண்ட் கட்டங்களில் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வழக்கு முழு விசாரணைக்குப் போகும்போதுதான் வருமான வரம்பு பார்க்கப்படும். கோலாலம்பூருக்கு ஒரு மையமும் சிலாங்கூருக்கு ஒரு மையமும் உண்டு. அந்த எண்களை இன்றே கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை பராமரிப்பு போன்ற சிவில், குடும்ப விவகாரங்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானை நாட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைந்து ஒரு நாளை இழந்துவிடாதீர்கள்.

பாலாய் வாசலில் "நான் செட்டில் பண்ணித் தருகிறேன்" என்று பணம் கேட்டு வருபவரிடம் மட்டும் எச்சரிக்கை. லஞ்சம் கொடுப்பதும் குற்றம். மகனை மீட்கப் போன அப்பா தாமே வழக்கில் சிக்கக்கூடும்.

அந்த இரவு செய்ய வேண்டியவை

1. பிடித்துச் சென்றவர்கள் எந்த பாலாய், எந்த மாவட்டத் தலைமையகம் என்று கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2. சட்ட உதவி மையத்தையோ தெரிந்த வழக்கறிஞரையோ அழையுங்கள். பிரமுகரை அழைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

3. பாலாய்க்குத் தனியாகப் போக வேண்டாம். விசாரணை அதிகாரியின் பெயர், தொலைபேசி எண், எந்தப் பிரிவின் கீழ் வழக்கு என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.

4. ரிமாண்ட் எங்கே, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சில இடங்களில் மாஜிஸ்திரேட் லாக்கப் வளாகத்துக்கே வந்து விசாரிப்பதுண்டு. நீதிமன்றத்தில் காத்திருந்து ஏமாறாதீர்கள்.

5. நோய் இருந்தால் மருத்துவரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, யாரிடம் கொடுத்தோம் என்று எழுதி வையுங்கள்.

6. அடித்த தடயம் தெரிந்தால் வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் அன்றே சொல்லுங்கள். வெளியே வந்தவுடன் அரசாங்க மருத்துவமனையில் காட்டி, போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

வேறு கணக்கில் நடக்கும் சட்டங்கள்

மேலே சொன்ன நாள் கணக்கு எல்லாக் கைதுக்கும் பொருந்தாது. சொஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் 24 மணி நேரத்துக்குப் பிறகு மாஜிஸ்திரேட் இல்லாமலே, மூத்த போலீஸ் அதிகாரியின் உத்தரவில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆனால் வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குண்டர் கும்பல் வழக்குகளில் நம் இளைஞர்கள் பலர் இந்தச் சட்டத்தின் கீழ் பிடிபடுவதால் இதைத் தெரிந்துவைப்பது அவசியம். 1959ஆம் ஆண்டு குற்றத்தடுப்புச் சட்டத்தில் ரிமாண்ட் 21 நாளும், பிறகு 38 நாளும் நீளலாம். அதனால் "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்பதே குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இன்னும் வராத சீர்திருத்தம்

2005இல் அரச ஆணையம் கேட்ட மிக முக்கியமான விஷயம், போலீசார் மீதான புகார்களை வெளியிலிருந்து விசாரித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரமுள்ள தனி ஆணையம், அதாவது ஐபிசிஎம்சி. அது அந்த வடிவத்தில் வரவே இல்லை. முதலில் இஏஐசி வந்தது. பின்னர் 2022இல் சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஜூலை 1ஆம் தேதி முதல் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் (ஐபிசிசி) இயங்குகிறது. அதற்கு நேரடியாகத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. தன் முடிவை மற்ற அமைப்புகளுக்கு அனுப்பத்தான் முடியும். வழக்கறிஞர் மன்றமும் மனித உரிமை அமைப்புகளும் இந்தக் குறையைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன. ஆனாலும் புகார் கொடுங்கள். ஐபிசிசியிடமும் சுஹாகாமிடமும் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகாத புகாரை எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் அவையில் எழுப்ப முடியாது.

28ஏ வந்ததே பலர் பல ஆண்டுகள் கேட்டதால்தான். பிரிக்பீல்ட்ஸ் வாசலில் ஐந்து வழக்கறிஞர்கள் கேட்டு நின்றதும் அதைத்தான். அதே கேள்வியை இன்று ஒரு தோட்டத்துத் தாய் கிள்ளான் பாலாய் கவுண்டரில் நின்று கேட்கலாம்: "என் மகன் வக்கீலைப் பார்த்துவிட்டானா?" கேட்பதற்குப் படிப்போ பதவியோ வேண்டாம். அந்தக் கேள்வியைக் காலையில் கேட்காமல், அன்றிரவே கேளுங்கள்.